அண்ணன் போட்ட மூன்று கோடுகள்

என் உயரம் நாலடி பதினொரு அங்குலம். அண்ணன் ஆறடி ஒரு அங்குலம். "உங்க பங்கையும் சேத்து அவரே வளந்துட்டார் போல" என்று பார்ப்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நாற்பத்திரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன ஜோக். நடந்த கூத்துக்கெல்லாம் இந்த உயரம்தான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்கு விண்ட்சர்ஃபிங் பைத்தியம். ஒரு பலகை, அதில் நட்ட பாய்மரம், ஒரு பாய். நின்றுகொண்டே காற்றைப் பிடித்துக் கடலில் ஓட்ட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் புதுசு வாங்கியபோது பழைய செட்டை எனக்குக் கொடுத்தான். கொடுக்கும்போதே கறுப்பு மார்க்கரால் மூன்று கோடு போட்டான். பாயைச் சுற்றி வளைந்து வருகிற கைப்பிடிக்கு பூம் என்று பெயர். அதை எந்த உயரத்தில் மாட்டுவது என்று பாய்மரத்தில் ஒரு கோடு. பாயை அடியில் இழுத்து இறுக்கும் கயிற்றை எவ்வளவு இழுப்பது என்று அந்தக் கயிற்றில் ஒரு கோடு. இடுப்புக் கொக்கியை மாட்டுகிற கயிறு எங்கே தொங்க வேண்டும் என்று பூமில் ஒரு கோடு.

"கோட்டுக்குக் கோடு வச்சுக்கோ. அப்புறம் கண்ண மூடிட்டு ஓட்டலாம்" என்றான். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

எங்கள் கிளப்பில் ஒரு விதி. கரையோரமாகக் கயிறு கட்டி மறித்த இடத்துக்குத் 'தொட்டி' என்று பெயர். புதுசாக வருபவர்கள் அதற்குள்தான் ஓட்ட வேண்டும். தொட்டியைத் தாண்ட வேண்டுமானால், தூரத்தில் மிதக்கிற மஞ்சள் மிதவையைச் சுற்றிக்கொண்டு தன் முயற்சியில் கரைக்கு வந்து சேர வேண்டும். எத்தனை தடவை விழுந்தாலும் குற்றமில்லை. மீட்புப் படகின் கயிற்றைப் பிடித்தால் தோல்வி. சீசனுக்கு மூன்று வாய்ப்பு. இரண்டை நான் முடித்துவிட்டேன், இரண்டு தடவையும் படகுக்குப் பின்னால் ஊர்வலமாக வந்தேன். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. அதிலும் போனால் அடுத்த வருஷம் வரை பத்து வயசுப் பிள்ளைகளோடு தொட்டியில் கிடக்க வேண்டியதுதான். அதில் ஒருத்தி என்னைத் தன் செட்டு என்றே முடிவுகட்டி, பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருந்தாள்.

விழுவது எப்போதும் ஒரே மாதிரிதான். திடீரென்று காற்று ஏறும், பாய் இழுக்கும், கொக்கி என்னைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் அடிக்கும். கரையில் அண்ணன் உதட்டைப் பிதுக்குவான். "செட்டிங்ல ஒரு குறையும் இல்ல. நீதான் பயப்படற." எனக்கு வலித்தது அந்த வார்த்தைதான். அதைவிட மோசம், அதை நானும் நம்பிவிட்டது.

நான் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். புதன்கிழமை ஒரு அம்மாள் வந்தார். கண்ணாடி போட்டாலே தலைவலி, மூக்கில் நிற்கவே மாட்டேன் என்கிறது என்றார். வாங்கிப் பார்த்தேன். ஃபிரேம் அவர் முகத்தைவிட இரண்டு விரல் அகலம்.

"இது யாரோடது?"

"வீட்டுக்காரரோடது. அவருக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு, அதான்…"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவர் மூக்குக்கு வச்சது உங்க மூக்குல எப்படிம்மா நிக்கும்? தலைய குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று பொரிந்து தள்ளினேன். பாதியிலேயே வாய் அடைத்துப்போயிற்று. அந்த அம்மாள் நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்து எனக்கே ஆறுதல் சொன்னார். நான் மனசுக்குள் அண்ணனின் மூன்று கோடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை லீவு போட்டேன். கடற்கரைக்குக் கடையிலிருந்து லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட்டை எடுத்துப் போனேன். முதல் வேலையாக மூன்று கோட்டையும் அழித்தேன். கறுப்பு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை, நானும் விடவில்லை.

பூமை இறக்கினேன். அண்ணனுக்கு நெஞ்சளவு இருந்தது எனக்கு நெற்றியளவு. இத்தனை நாள் தொங்கிக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறேன். இப்போது தோளுக்கு நேராக வந்து உட்கார்ந்தது. அடுத்தது அடிக்கயிறு. அண்ணன் கனத்த ஆள், அவனுக்குப் பாய் நன்றாக இழுக்க வேண்டும், அதனால் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தியே வைப்பான். எனக்கு அந்த இழுவை ஆகாது. பாய்மரத்தின் அடியில் காலை உதைத்துக்கொண்டு, பழைய கோடு இருந்த இடத்தைவிட மூன்று விரல் அதிகமாக இழுத்தேன். பாயின் மேல் ஓரம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பார்க்க நன்றாக இல்லைதான். ஆனால் அதிகப்படிக் காற்று அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.

கொக்கிக் கயிறுதான் உயிரை வாங்கியது. மணலில் பாயை நிறுத்தி, கொக்கியை மாட்டி, பூமிலிருந்து இரண்டு கையையும் எடுக்க வேண்டும். கயிறு சரியான இடத்தில் இருந்தால் பாய் அப்படியே நிற்கும். முதல் தடவை பாய் முன்பக்கம் இழுத்தது. கயிற்றை ஒரு விரல் முன்னே தள்ளினேன். இப்போது பின்பக்கம் இழுத்தது. அரை விரல் பின்னே. இப்படியே ஒன்பது தடவை. அரை அங்குலத்துக்கு இவ்வளவு வீம்பா என்று பாயைத் திட்டினேன், கொக்கியைத் திட்டினேன், அண்ணனையும் விடவில்லை. பத்தாவது தடவை கையை எடுத்தேன், பாய் நின்றது. மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். கைப்பையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து என் மூன்று கோடுகளைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உடை மாற்றிக்கொண்டு வந்து பார்க்கிறேன், பூம் மறுபடியும் என் நெற்றிக்கு ஏறியிருக்கிறது. அடிக்கயிறு தளர்ந்திருக்கிறது. பக்கத்தில் அண்ணன் கையைத் தட்டிக்கொண்டு நிற்கிறான்.

"என்னடி கட்டியிருந்த? பாய் கந்தல் மாதிரி தொங்குது. கோடும் அழிஞ்சு போச்சு. நல்லவேளை நான் பாத்தேன், சரி பண்ணிட்டேன்."

மணி ஒன்பது நாற்பது. மீட்புப் படகுக்காரர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "பத்துக்கு ஊதிடுவேன். அதுக்குமேல லேட்டானா இன்னைக்கு வாய்ப்பு போச்சு" என்றார்.

பூமைச் சிவப்புக் கோட்டுக்கு இறக்கிவிட்டு, உட்கார்ந்து அடிக்கயிற்றை அவிழ்த்தேன்.

"ஏய், என்ன பண்ற?"

"அண்ணா, உன் உயரத்துக்கு நான் இனிமே வளரப் போறதில்ல."

"விளையாடாத. இது நான் வருஷக்கணக்கா ஓட்டின செட்டிங்."

"உனக்கு ஓடுச்சு. என்னைக் கவுத்துது."

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை. அவன் குனிந்து கயிற்றைப் பிடிக்க வந்தான். "தொடாத" என்றேன். காலை உதைத்து நானே இழுத்தேன். விரல் முட்டித் தோல் உரிந்தது. கயிற்றின் சிவப்புக் கோடு பாய்மரத்தடியில் இருக்கிற கப்பியைத் தொட்டபோது மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

விசில் ஊதியதும் கிளம்பினேன். போகும்போது காற்று சாதுவாக இருந்தது. மஞ்சள் மிதவையைச் சுற்றுகிற இடத்தில் கால் மாற்றத் தெரியாமல் விழுந்தேன். தலையை வெளியே நீட்டினால் எதிரே படகு. படகுக்காரரோடு தானும் ஏறி வந்த அண்ணன் அதில் கயிற்றை நீட்டிக்கொண்டு நிற்கிறான். கடலில் காற்று ஏறி, வெள்ளை வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருந்தது.

"பிடிச்சுக்கோ! காத்து ஜாஸ்தியாயிடுச்சு, போதும்!"

அவன் குரல் நடுங்கியது. இத்தனை நாளும் பயந்தது யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"கையை எடு அண்ணா" என்றேன். பலகையில் ஏறி, பாயைத் தண்ணீரிலிருந்து தூக்கி, கொக்கியை மாட்டினேன். வந்தது காற்று. வழக்கமாக நான் பறக்கிற காற்று. பாயின் மேல் ஓரம் படபடத்து அதிகப்படியை வெளியே விட்டது. நான் பின்னால் சாய்ந்து கொக்கியில் உட்கார்ந்தேன், நாற்காலியில் உட்காருகிற மாதிரி. கை இரண்டும் சும்மா பூமின் மேல் கிடந்தன. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருஷம் வீணாகப் போயிற்றே என்ற ஆத்திரமும் கூடவே வந்தது. இரண்டையும் சேர்த்துக் கத்திக்கொண்டே கரைக்கு வந்தேன். தொட்டிக்குள் இருந்த பிள்ளைகள் எல்லாம் பதிலுக்குக் கத்தினார்கள்.

படகுக்காரர் நோட்டில் என் பெயருக்கு நேராக டிக் அடித்தார். அண்ணன் என் பாயைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"குடு, ஒரு ரவுண்டு போய்ப் பாக்கறேன்."

கொடுத்தேன். பூம் அவன் வயிற்றளவில் இருந்தது. கூன் போட்டுக்கொண்டுதான் கிளம்பினான். நூறு அடி தாண்டியிருப்பான், முதல் காற்றிலேயே தலைகுப்புற விழுந்தான். ஏறினான், விழுந்தான். ஏறினான், மறுபடி விழுந்தான். கடைசியில் படகுக்காரர் போய் அவனை ஊர்வலமாக இழுத்துக்கொண்டு வந்தார். கயிற்றைக் கரையில் நான்தான் வாங்கிக் கட்டினேன்.

அண்ணன் உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே கேட்டான்: "இதை யாருக்குடி செட் பண்ணி வச்சிருக்க?"

"எனக்கு."

குனிந்து சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

"ரொம்பக் குட்டையா இருக்கே."

"ஆளும் அப்படித்தானே அண்ணா" என்றேன்.