எட்டு 'பி' வாய் திறக்கவில்லை

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருத்தி பேனா மூடியைக் கடித்தாள். இரண்டு பேர் மேஜைக்கடியில் எதையோ தேடினார்கள். நூற்றெண்பது என்று நானே சொல்லி நானே பலகையில் எழுதினேன். பத்து நாளாக இதே கூத்துதான்.

தெரியாதவன் இப்படி இருக்கமாட்டான், தப்பாகவாவது எதையாவது உளறுவான். இது பேசி வைத்துக்கொண்டு செய்கிற வேலை.

தூண்டிவிட்டது யார்? அறிவியல்காரர்தான், வேறு யார்? அடுத்த பீரியடில் அவர் உள்ளே நுழைந்ததும் இதே ஊமைகள் சந்தைக்கடை போலக் கத்துகிறார்கள். டஸ்டரை மறந்துவிட்ட சாக்கில் வாசலில் நின்று கேட்டேன். என்னைப் பார்த்ததும் அவர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. அவரும் தற்காலிகம், நானும் தற்காலிகம். காலியாக இருக்கும் நிரந்தர வேலை ஒன்றே ஒன்றுதான். நாளைக்குத் தலைமையாசிரியை என் வகுப்பில் வந்து உட்காரப்போகிறார். பிள்ளைகள் இதே போல உட்கார்ந்திருந்தால் வேலை அறிவியல்காரருக்குத்தான்.

மதியம் போனில் கணவரிடம் புலம்பினேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றார்.

"அந்த அறிவியல்காரர் உங்களுக்கு முன்னாடியே பழக்கமா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

கடைசி மணி அடித்ததும் வகுப்புத் தலைவியை நிறுத்தி வைத்தேன். வாலு என்று எல்லாரும் கூப்பிடுகிற பெண்.

"ஏன் யாரும் பதில் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"திட்ட மாட்டீங்களே, மிஸ்?"

"மாட்டேன், சொல்லு."

"சரியா சொன்னா, யாரு சொல்லிக் குடுத்தான்னு கேக்கறீங்க, மிஸ். அன்னிக்கு குண்டன் சொன்னது, லீவு நாள் பூரா உக்காந்து அவனே போட்ட கணக்கு. எல்லார் முன்னாடியும் அவன் நோட்டைப் புரட்டிப் பாத்தீங்க, பையைக்கூடத் திறந்து பாத்தீங்க. பாத்ரூம்ல போய் அழுதான். அன்னிலேருந்துதான் சும்மா இருந்துடலாம்னு..."

குண்டன் கண்முன் வந்தான். எப்போதும் கடைசி மதிப்பெண் வாங்குகிறவன், அன்றைக்கு எழுந்து நின்று படபடவென்று விடை சொன்னான். எனக்குச் சந்தேகம் வந்தது. பையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று நான் வகுப்பில் சொல்லவும் இல்லை.

பொய் சொல்வானேன், எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம், நாளைக்கு மட்டுமாவது எல்லாரையும் கை தூக்கச் சொல்லும்படி அவளைக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"இதையெல்லாம் எங்கிட்ட சொல்லச் சொல்லி உன்னை யாரு அனுப்பினது?"

கேட்டு முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அவள் பையை மாட்டிக்கொண்டாள்.

"யாருமில்ல, மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாளை எனக்கு முதல் பீரியடே எட்டு 'பி'தான்.