நடந்து வந்த குரைப்பு

நாய் நகரத்துக்கு வந்து எட்டு மாதம் கழித்துத்தான் அதன் குரைப்பு வந்தது. நாய் சாமான் வேனில் வந்தது, குரைப்பு நடந்து வந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் அதை வளர்த்த லிஃப்ட் மெக்கானிக்கின் வாய். அவனுடைய ஊரில் மொத்தமே மூன்று லிஃப்டுகள். ஒன்று பழுதே ஆகாது, இன்னொன்றில் யாரும் ஏறமாட்டார்கள், மூன்றாவதைச் சரிசெய்யக் கட்டட முதலாளிக்கு மனம் வராது. கம்பெனி அவனை நகரத்துக்கு மாற்றியது, சம்பளத்தையும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தது. அந்த ஏற்றத்தை வாடகை ஒரே வாயில் விழுங்கிவிடும் என்பது வீடு தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. போனில் எல்லாரும் முதலில் இனிக்க இனிக்கப் பேசுவார்கள். ஒரு நாயும் ஒரு பூனையும் உண்டு என்றதும் லைன் கட்டாகிவிடும். ஒரு புரோக்கர் மட்டும் மனமிரங்கி, "பூனையை எப்படியாச்சும் சமாளிச்சிடலாம் சார், நாய் வாயைத் திறந்தா மாட்டிக்குவீங்க" என்றார். அந்த எரிச்சலில்தான் வேன் கிளம்புகிற அன்று மெக்கானிக் குனிந்து நாயின் காதில் சொன்னான்: "இந்தச் சத்தத்தை எல்லாம் இங்கயே விட்டுட்டு வா." அது சொன்ன பேச்சைக் கேட்கிற நாய். விட்டுவிட்டு வந்தது.

கடைசியில் கிடைத்த வீடு ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. ஓர் அறை, ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டிய சமையலறை, துணி துவைக்கிற கல். நகரத்தில் அந்த வாடகைக்கு அப்படி ஒரு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. வாடகை குறைவாக இருந்ததற்குக் காரணம், அங்கே யாரும் தங்குவதில்லை. வீட்டுக்காரம்மாவுக்குச் சத்தம் ஆகாது. எழுபது வயது, தனிக்கட்டை. ரேடியோ கிடையாது, மிக்ஸி கிடையாது, கதவின் கீல்களுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் விடுவார். முன்பு குடியிருந்த ஒருவரைத் தும்மியதற்காகக் காலி செய்யச் சொன்னார் என்று தெருவில் பேச்சு இருந்தது. வீட்டுக்காரம்மா நாயைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைக் கீழே போட்டார். நாய் துள்ளித் திரும்பியது, வாயைத் திறந்தது, குரைக்கிற நாயின் வயிறு எப்படிக் குலுங்குமோ அப்படிக் குலுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. "ஊமையா?" என்று கேட்டார். மெக்கானிக் மனைவியைப் பார்த்தான், மனைவி தரையைப் பார்த்தாள். "ஆமாம்மா" என்றான். அன்றைய நிலவரப்படி அது பொய்யில்லை.

மெக்கானிக்கின் மனைவிக்கும் வேலை கிடைத்தது, பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் ஓர் இடத்தில். இரண்டு சம்பளமும் சேர்ந்தால் மாசக் கடைசியில் கையைக் கடிக்காமல் இருந்தது. பூனை முதல் நாளே அலமாரியின் மேல்தட்டைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டு படுத்துவிட்டது. நாய்தான் சரியாக இல்லை. தபால்காரர் வந்தால் வாசலுக்கு ஓடி வாயைத் திறக்கும், ஒன்றும் வராது, தன் பின்னாலேயே திரும்பிப் பார்க்கும். பிறகு கடனுக்குச் சாமான் கேட்டு இல்லையென்று சொல்லப்பட்டவரைப் போலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே வரும். தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனைவிக்கு அழுகை வரும். மெக்கானிக்குக்கும் வரும், ஆனால் அவன் வாடகையை நினைத்துக்கொள்வான்.

ஐந்தாம் மாதம் மனைவியின் சித்தப்பா போன் செய்தார். நெடுஞ்சாலையில் பஞ்சர் கடை வைத்திருப்பவர், எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாத மனிதர். "உங்க நாயோட சத்தம் நேத்து நம்ம கடைக்கு வந்துச்சும்மா. நாயைக் காணோம், சத்தம் மட்டும்தான். ராத்திரி பூரா லாரிங்களப் பாத்துக் குலைச்சிட்டு, காலையில உங்க பக்கமா கெளம்பிடுச்சு." வேறு ஏதாவது நாயாக இருக்கும் என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தான். "நம்ம வீட்டுக் கொரலு எனக்குத் தெரியாதா மாப்ள?" என்று சித்தப்பா கோபித்துக்கொண்டார். அதற்குப் பிறகு சுங்கச்சாவடியில் கேட்டதாக ஒரு லாரிக்காரர் சொன்னார், பெட்ரோல் பங்கில் கேட்டதாக இன்னொருவர். மழையில் பாதை மாறிப் பின்னுக்குப் போய், மறுபடி தேடிக்கொண்டு வந்தது. மனைவி ஒவ்வொரு செய்திக்கும் நாயைக் கட்டிக்கொண்டு, "வந்துட்டே இருக்குடா" என்பாள். மெக்கானிக் மனதுக்குள் கணக்குப் போடுவான். குரைப்பு வந்த அன்றே வீடு போகும். வீடு போனால் நாயோடு அவர்களைச் சேர்த்துக்கொள்ள அந்த நகரத்தில் வேறு ஆள் இல்லை. நாயை யாரிடமாவது விடு என்பார்கள், இல்லையென்றால் ஊருக்கே போ என்பார்கள். ஊரில் மூன்று லிஃப்ட்.

நெடுஞ்சாலை நகரத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு பாலம் இருக்கிறது. பாலத்தடியில் சாலை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போனால் அவர்கள் வீடு, வலப்பக்கம் கிடங்குகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமான் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, மெக்கானிக் அங்கே போய் நின்றான். வெயில் ஏறியபோது லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே அது வந்தது. புழுதியும் களைப்புமாக, ஆனால் சந்தேகமே இல்லாமல் அவர்கள் வீட்டுக் குரைப்பு. அவனைக் கண்டதும் அது அவன் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, வேலை முடிந்து அவன் வீடு திரும்பும்போது குரைக்குமே, அந்தக் குரைப்பைக் குரைத்தது. அவன் கையை நீட்டி, "அந்தப் பக்கம்" என்று வலது சாலையைக் காட்டினான். குரைப்பு ஒரு கணமும் யோசிக்கவில்லை. அவன் காட்டிய பக்கம் ஓடியது.

வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. நாய் மட்டும் அவன் முழங்காலில் காதை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. சில வாரங்கள் அப்படியே போயின. பிறகு கிடங்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு உயரமான கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று அவனை அனுப்பினார்கள். லிஃப்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்து கம்பிவடத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். லிஃப்ட் ஓடுகிற குழி ஒரு பெரிய புனல். கீழே தெருவில் நடப்பதெல்லாம் அதன் வழியாக மேலே வரும். அதன் வழியாகக் குரைப்பு வந்தது. ஒவ்வொரு கிடங்கு வாசலிலும் நின்று குரைத்துவிட்டு, பதில் இல்லையென்று அடுத்த வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. குரல் கரகரத்துப் பாதியாகியிருந்தது. அவன் கிரீஸ் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். வேலையை முடித்து, லிஃப்டை ஓடவிட்டுப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "உங்கள நம்பித்தானே அது அந்தப் பக்கம் போச்சு" என்று மட்டும் கேட்டாள். பிறகு நாய்ச் சங்கிலியை எடுத்தாள். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள், ஆட்டோவுக்குக் காசு பத்தாது. மூவருமாக நடந்தார்கள். கிடங்குத் தெருவின் கடைசி வாசலில் நாயும் குரைப்பும் சந்தித்துக்கொண்டன. பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. நாய் வாயைத் திறந்தது, ஒரு விக்கல் விக்கியது, எதையோ விழுங்கியது. அதன்பின் குரைத்தது. மெக்கானிக்கைப் பார்த்துத்தான் முதலில் குரைத்தது, அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு. அவன் அதைத் தாங்க முடியாமல் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான்.

தெருவார் சொல்லித் தெரிவதைவிடத் தாங்களே சொல்லிவிடுவது மரியாதை என்று, திரும்பியதும் நேரே வீட்டுக்காரம்மாவின் முன்னால் போய் நின்றார்கள். நாய் அவரைப் பார்த்து நன்றாக நாலு தரம் குரைத்தது. மெக்கானிக் ஒன்றையும் மறைக்கவில்லை, பாலத்தடியில் தான் கை நீட்டியது உட்பட. "காலி பண்ணச் சொன்னா பண்ணிடறோம்மா" என்றான். வீட்டுக்காரம்மா அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நடந்தா வந்துச்சு?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"எத்தனை மாசம்?"

"எட்டு மாசம் ஆச்சு, நான் கெடுத்ததையும் சேர்த்து."

வீட்டுக்காரம்மா பால் பாக்கியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்: "நான் கல்யாணமாகி இங்க வந்தப்ப எனக்கு நல்லா விசில் அடிக்க வரும் தம்பி. போற எடத்துல இதெல்லாம் கூடாதுன்னு எங்கம்மா சொன்னாங்க. எங்கம்மா வீட்டு வாசல்லயே விட்டுட்டு வந்தேன். அப்புறம் வாயைக் குவிச்சா வெறும் காத்துதான். அது என்னைக்காவது தேடிக்கிட்டு வந்து வாசல்ல நின்னா, என் காதுல விழணுமேன்னுதான் வீட்ல ஒரு சத்தமும் விடறதில்ல." மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரம்மா கையை விடுவித்துக்கொண்டு, "நாய் கொரைக்கட்டும். சத்தம் கேட்டாத்தானே விசிலுக்கும் வழி தெரியும். எனக்கு இத்தனை வருஷமா தோணல பாரு" என்றார். வாடகையைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அது அதே வாடகையாகவே இருந்தது, நகரத்தில் எல்லாம் இருமடங்கு ஆன பிறகும்.

மெக்கானிக் அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் பாலத்தடியில் போய் நிற்க ஆரம்பித்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனும் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் டீக்கடைக்காரர் சிரித்தார், பிறகு பழகிவிட்டது. அங்கே பலதும் வந்தன. ஒரு சமையல்காரரின் பசி வந்தது, எங்கேயோ மாற்றலாகிப் போன ஒரு வாத்தியாரின் தூக்கம் வந்தது. விசாரித்து உரியவர் பக்கம் அனுப்பிவைத்தான். பூனை கிழமாகி, அலமாரியின் மேல்தட்டை விட்டுக் கீழ்த்தட்டுக்கு இறங்கியது. நாயின் மூக்கு நரைத்தது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் மணிகளுக்கு நடுவே ஒரு விசில் வந்தது. பதினெட்டு வயதுப் பெண்ணின் விசில், யாரையும் சட்டைசெய்யாத விசில். ஏதோ ஒரு பாட்டை அடித்துக்கொண்டு வந்து, பாதியில் ஓர் இடத்தில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அவன் கையை நீட்டி வழி காட்டவில்லை. தன் கைமேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை. முன்னால் நடந்தான், விசில் பின்னால் வந்தது, வழி நெடுக அந்தப் பாட்டு அதே இடத்தில் நின்று நின்று திரும்பியது.

வீட்டுக்காரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர், கையிலிருந்த தலையணை உறையை ஓரமாக வைத்துவிட்டு, கூச்சத்தோடு உதட்டைக் குவித்தார். பாட்டு தொடங்கியது. பாலத்திலிருந்து அதைக் கேட்டுக்கொண்டே வந்த மெக்கானிக், அது நிற்கும் இடம் வந்தபோது தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டான். நிற்கவில்லை. மீதிப் பாட்டு அந்தம்மாவிடம் இருந்தது.