சூட்டில் ஏறும் பழுப்பு

டௌவேயின் படங்களுக்கு அந்தப் பழுப்பு நிறம் என்னிடமிருந்துதான் வந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எடுத்த கையோடு கேமராவே வெளியே தள்ளும் கறுப்பு வெள்ளைப் படம், எங்கள் ஃப்ரீஸ்லாந்துக் குளிர் பட்டால் வெளிறி நீலம் பாய்ந்துவிடும். உடம்புச் சூட்டில் கால்மணி நேரம் வைத்தால் அழகாகப் பழுப்பேறும். என் கணவன் டௌவேயின் உடம்போ ஐஸ் பெட்டி. அவன் சட்டைக்குள் வைத்த படம் ஒன்றுகூடத் தேறியதில்லை. வெந்நீர்ப் பையும் வைத்துப் பார்த்தான்; திட்டுத்திட்டாகிக் கெட்டது. அதனால் பன்னிரண்டு குளிர்காலம் ஏரிக்கரையில் அவன் பக்கத்தில் நின்று, அவன் நீட்டிய படங்களை என் கம்பளிச் சட்டைக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

இந்த ஜனவரியில் அப்பாவுக்கு முடியாமல் போனது. லேவார்டன் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் அவர் பக்கத்திலேயே கிடந்தேன். டௌவே எட்டிப் பார்க்கவில்லை.

"ஏரி உறைஞ்சிருக்கு ஹிஸ்கே. இந்த மாதிரி ஐஸ் இனி எப்ப வருமோ," என்றான் போனில்.

தனியாகப் போய்க் குளிரில் நிற்கிறானே என்று பாவப்பட்டேன். என்னை எதால் அடிப்பது?

மார்ச்சில் ஸ்னேக் நகரில் அவனுடைய கண்காட்சி. கதவு திறக்குமுன் மண்டபத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நடுச் சுவரில் உறைந்த ஏரியின் ஏழு படங்கள். ஏழும் தேன் நிறம். ஓரத்தில்கூட நீலமில்லை.

"யாரு சூடு பண்ணிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"நான்தான். சட்டைக்குள்ள வச்சேன்."

"உன் சட்டைக்குள்ள மீன வச்சாக்கூட ஒரு வாரம் கெடாது. யாரு டௌவே?"

காப்பிக் கோப்பையை மேசைமேல் வைத்தான். "படத்துக்காகத்தான் கூப்பிட்டேன். நீ ஊர்ல இல்ல."

"நான் எங்க இருந்தேன்னு எனக்குத் தெரியும். அவ பேரு?"

"ரென்ஸ்கே. ஒரே ஒரு நாள்தான் வந்தா. குளிரு தாங்கலன்னு போய்ட்டா. அவ்வளவுதான்."

ஒரு நாள்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றும் என்னை வெறுக்கிறேன். படம் எடுத்த தேதியை வெள்ளை ஓரத்தில் பென்சிலால் எழுதுவது அவன் வழக்கம். ஒவ்வொன்றாகப் படித்தேன். ஏழு படம், ஏழு தேதி. ஐந்தாவது, ஜனவரி இருபத்தாறு. அன்று காலை பத்து மணிக்கு அப்பாவை அடக்கம் செய்தோம். பனியில் வண்டி கிளம்பவில்லை என்று டௌவே போனில் சொல்லியிருந்தான்.