சாக்கின் நிறையைக் கழித்த பின்

வாருங்கள், ஸ்கந்தபுரத்து நெல் களஞ்சியத்தின் வாசலுக்கு வந்து இந்த அநியாயத்தை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்! காலபோக அறுவடை முடிந்த மாசி மாதத்தில், நோய்நொடி எதுவுமின்றி வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தில்லைநாதன் என்னும் கமக்காரர், தம் மனைவி எழுதிய பக்கங்களில் சில வரிகள் வெட்டப்பட்ட காரணத்தால், அரை மூட்டை நெல்லின் அளவுக்கு நிறை குறைந்து தராசின் மேல் நிற்கிறார். வெட்டச் சொன்னவர்கள் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர்கள். அவர்களில் ஒருவரேனும் அக்கராயன் குளத்துத் தண்ணீரில் கால் நனைத்தவரல்லர். தில்லைநாதன் தும்மினால் மூன்றாம் வீட்டுக் கோழி எழும்பி ஓடுவதைக் கண்டவரல்லர். ஆயினும் கடல் கடந்து அவர்கள் சொன்ன சொல் இங்கே ஒரு மனிதரின் தோள்களைக் கரைத்தது. அந்த ஆண்டு நெல் விலை சற்றே ஏறியிருந்தது. மழை அளவாகப் பெய்திருந்தது. மற்றபடி ஊரில் சொல்லும்படியாக வேறொன்றும் நடக்கவில்லை.

காரியம் தொடங்கியது ஒரு முப்பத்தோராம் நாள் வீட்டில். ஒருவர் இறந்தால் அவருடைய வாழ்க்கையைப் பாட்டும் உரையுமாக அச்சிட்டு, முப்பத்தோராம் நாள் வந்திருப்பவர்களுக்குக் கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அந்தச் சிறு நூலைக் கல்வெட்டு என்பார்கள். அங்கே இறந்துபோனவர் தில்லைநாதனின் பக்கத்து வயல்காரர், கடலைக் கண்டாலே தலைசுற்றி விழுகிறவர். அவருடைய கல்வெட்டோ அவரை ‘அலைகடல் வென்ற மாலுமி’ என்று பாடியது. முன்பே கோத்து வைத்திருந்த பாட்டில் யாரோ பெயரை மட்டும் மாற்றி அச்சேற்றியிருந்தார்கள். தில்லைநாதன் அதைக் கடைசி வரிவரை வாசித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நேரே வீட்டுக்குப் போய்க் குசினி வாசலில் நின்றார்.

"இஞ்சேர் நேசம், என்ர கல்வெட்டை நீயே எழுது. இப்பவே எழுது. உயிரோட இருந்து நான் அதைக் கேக்கவேணும்."

"வாயைக் கழுவுங்கோ! கல்லுமாதிரி இருக்கிற மனிசனுக்கு ஆரும் கல்வெட்டு எழுதுவினமோ?"

"செத்தாப்பிறகு பிழை கண்டால் ஆர் எழும்பி வந்து திருத்துறது?"

நேசமலர் சிரித்தாள், சிரித்தபடியே அவருடைய முகத்தைப் பார்த்தாள், பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். அவருடைய தமையன் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த வழியில் இறந்தவர். அன்று தெருவில் பாயும் இல்லை, பறையும் இல்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று நாலு வரி சொல்ல எவருக்கும் நின்று மூச்சுவிட நேரமும் இருக்கவில்லை. அதைப் பற்றித் தில்லைநாதன் ஒருபோதும் வாய் திறந்தவரல்லர். இந்த மனிதரை முழுதாகக் கடதாசியில் இறக்கியே தீருவது என்று நேசமலர் அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள். வேலணையைப் பிறப்பிடமாகவும் ஸ்கந்தபுரத்தை வசிப்பிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, அவருடைய கறுத்த மீசை, முன்கோபம், சைக்கிள் மணியின் கரகரப்பு, தும்மல் எல்லாவற்றையும் எழுதினாள். வயலிலிருந்து திரும்பும்போது வாய்க்கால் மதகடியில் அவர் அடிக்கும் சீழ்க்கையையும் எழுதினாள். அந்தச் சீழ்க்கை கேட்டதும்தான் அவள் தேநீருக்குத் தண்ணீர் வைப்பது. நாற்பது வருடங்களாக அந்த வீட்டு மணிக்கூடு அதுவே.

இவ்வளவில் விட்டிருந்தால் வரலாறு இங்கே முடிந்திருக்கும். ஆனால் அவளுடைய தம்பி தயாபரன் வவுனியாவில் ஓர் எழுத்துப் பட்டறைக்குப் போய், உலகத்துப் பெரிய எழுத்தாளர்களின் அறிவுரைகளையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து சேர்ந்தான். தயாபரன் அதுவரை ஒரு வரியும் எழுதியவனல்லன்; எழுதுவது எப்படி என்பதில் அவனுக்கு ஐயம் எதுவும் இருந்ததுமில்லை.

"அக்கா, உங்கட எழுத்தில சதை கூடிப்போச்சு. அலங்காரச் சொல்லெல்லாத்தையும் வெட்டுங்கோ. பெரிய பரிசு வாங்கின மனிசன் சொன்னது."

பரிசு வாங்கியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நேசமலர் வெட்டினாள். மறுநாட் காலையில் முற்றத்துப் பாயில் காய்ந்த மிளகாய் சிவப்பை இழந்து கிடந்தது. தில்லைநாதனின் மீசை எந்த நிறமுமில்லாமல் இருந்தது. கறியில் உறைப்புக் குறையாததனால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நீ நேரில் அறிந்ததை மட்டும் எழுது என்றார் இன்னொரு மேதை. கலியாணத்துக்கு முந்திய வேலணை வாழ்வை அவள் நேரில் அறியாள், வெட்டினாள். அன்று மாலை வானொலி மரண அறிவித்தலைக் கேட்டுக்கொண்டிருந்த தில்லைநாதன், வேலணை எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரித்தார். சொல்வதைக் குறைத்து மறைப்பதைக் கூட்டு என்றார் மூன்றாமவர். அதற்குப் பிறகு தில்லைநாதனின் முழங்காலுக்குக் கீழே எவர் கண்ணுக்கும் எதுவும் தெரியவில்லை. இடுப்பில் கட்டிய சாரம் மட்டும் வரம்பில் நடந்து போனது. ஊர் நாய்கள் இரண்டு கிழமை குரைத்துவிட்டுப் பழகிக்கொண்டன. கடைசியாக வந்தது எல்லாவற்றிலும் பெரியவரின் வாக்கு: உனக்கு மிகவும் பிடித்த வரி எதுவோ அதையே முதலில் வெட்டு. நேசமலர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். பிறகு சீழ்க்கையை வெட்டினாள்.

அன்று பின்னேரம் அவர் ஓசையில்லாமல் வந்து கதிரையில் இருந்தார். தேநீர் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வந்தனீங்களோ? எனக்குத் தெரியேல்லையே."

"வந்திட்டன்போலதான் கிடக்கு," என்றார் தில்லைநாதன்.

அது சோளகம் என்னும் தென்மேற்குப் பெருங்காற்று அடிக்கும் காலமேயில்லை. அடுத்த நாள் சும்மா வீசிய காற்றில் அவர் வரம்பைவிட்டு ஒரு முழம் மேலே எழும்பினார். நேசமலர் அவருடைய சட்டை நுனியைப் பிடித்து, பட்டத்தைக் கொண்டுபோவதுபோல நெல் களஞ்சியத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே தராசுக்குப் பொறுப்பாக இருந்தவள் பிரியந்தினி.

"மாமா, அரை மூட்டை குறைஞ்சுபோனியள்."

"உன்ர தராசு பிழை, பிள்ளை."

"போன கிழமை உங்கட நெல்லு பாரம் கூடக் காட்டேக்க பிழையெண்டு சொல்லேல்லையே!"

நெல் கொண்டுவந்து நின்றவர்கள் சிரித்தார்கள். நேசமலர் சிரிக்கவில்லை. பின்னாலேயே வந்திருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "இது உன்ர வேலை," என்றாள்.

"அக்கா, உலகமே ஏத்துக்கொண்ட அறிவுரையள் இதுகள். பாரம் எவ்வளவெண்டு இந்தத் தராசே சொல்லும்!" தில்லைநாதன் இறங்கியதும் தயாபரன் குனிந்து, தராசுத் தட்டுக்கு மேலே முதல் எழுத்தாளரின் பெயரையும் அவருடைய பரிசுகளையும் அறிவுரையையும் உரக்கச் சொன்னான். முள் ஓடிப்போய்க் கடைசி எல்லையில் இடித்து நின்றது. தயாபரன் நெஞ்சை நிமிர்த்தினான்.

நேசமலருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் நியாயமும் வந்தது.

"பிரியந்தினி, எங்கட நெல்லுக்குச் சாக்குப் பாரம் கழிச்சனியெல்லோ? ஈரம் கழிச்சனியெல்லோ? உவையின்ர அறிவுரைக்கு மட்டும் ஏன் கழிக்காமல் விடுறாய்?"

"ஓம் மாமி, அது நியாயம்தானே. தயா அண்ணை, சாக்கை இறக்கிப்போட்டு நெல்லை மட்டும் வையுங்கோ. ஆர் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ. சொன்னதைச் சொல்லுங்கோ."

எத்தனை அரங்குகளில், எத்தனை ஏடுகளில் இந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்க வேண்டும்! ஸ்கந்தபுரத்தில் அது நெற்தூசிக்கு நடுவே கேட்கப்பட்டது. பெயரை இறக்கிவிட்டு, அலங்காரத்தை வெட்டு என்று தயாபரன் சொன்னபோது முள் ஒரு கைப்பிடி நெல்லுக்கு அசைந்தது. மாலுமிப் பாட்டுக்கு அது போதுமான மருந்து என்று ஊர் ஒப்புக்கொண்டது. அறிந்ததை மட்டும் எழுது என்பது பதராக இருந்தது. மறைப்பதைக் கூட்டு என்றதற்கு முள் அசையவேயில்லை. "கள்ளனுக்குக் கல்வெட்டு எழுதேக்க உதவும், எறியாதேங்கோ," என்றாள் வரிசையில் நின்ற சிவலட்சுமி. பிடித்ததை வெட்டு என்றதும் முள் பூச்சியத்துக்குக் கீழே இறங்கியது. பக்கத்து மூட்டைகள் தொய்யத் தொடங்கவே, அதை வெளியே போய்ச் சொல்லும்படி பிரியந்தினி அவனைக் கேட்டுக்கொண்டாள். தயாபரன் வாசலில் நின்று யோசித்து, ஆர் சொன்னதென்று தனக்கே மறந்துபோன ஒன்றைத் தயங்கித் தயங்கிச் சொன்னான்: எழுதியதை, அது எவரைப் பற்றியதோ அவரை அறிந்தவர்கள் நடுவே உரக்க வாசி. வாசலில் நின்று சொன்னதற்கே முள் முழு மூட்டையைக் காட்டியது.

நேசமலர் கல்வெட்டு எழுதிய கொப்பியை எடுத்துவரச் செய்து, வெட்டிய வரிகளையும் சேர்த்து, நெல் மூட்டைகளின் நடுவே நின்று வாசித்தாள். மீசை வந்ததும் மீசை கறுத்தது. வேலணை வந்ததும் தில்லைநாதன், "அம்மன் கோயில் வீதி மணல் காலைச் சுடும்," என்றார். உடனே சுடுவதற்குரிய கால்கள் வந்தன. "முன்கோபமெண்டு மட்டும் எழுதினால் காணாது மாமி, கோபம் ஆறினாப்பிறகு வெத்திலை கொண்டந்து தருவார், அதையும் போடுங்கோ," என்றார்கள் சுற்றி நின்றவர்கள். அதையும் போட்டாள். வெள்ளத்தில் வாய்க்கால் உடைந்தபோது அவர் முதுகைக் கொடுத்து விடியும்வரை அணைத்து நின்றார் என்று சிவலட்சுமி சொன்னாள். அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று தில்லைநாதன் வாதாடினார். வாதாடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய முதுகு அகன்றுவிட்டது. கடைசியில் அவள் சீழ்க்கையை வாசித்தாள். சீழ்க்கை ஒலிக்கவேண்டிய இடத்தில் கொப்பியை அவர் பக்கம் திருப்பினாள். அவர் உதட்டைக் குவித்து அந்த இடத்தைத் தாமே நிரப்பினார். முற்றத்தில் காய்ந்த மிளகாய் அதே நேரத்தில் சிவந்ததாகப் பக்கத்து வீட்டார் பிறகு சொன்னார்கள். தமையனுக்கும் ஒரு பக்கம் எழுதச் சொல்லித் தில்லைநாதன் அன்றிரவு தாமே சொல்லத் தொடங்கினார், நேசமலர் எழுதினாள்.

தயாபரன் இப்போது பெயர்களை விட்டுவிட்டுப் பேசுகிறான்; ஆகையால் மிகக் குறைவாகவே பேசுகிறான். தில்லைநாதன் முன்னிருந்ததைவிடக் கால் மூட்டை கூடிய நிறையோடு வயலுக்குப் போய்வருகிறார். நடக்காத வெள்ளத்தில் அகன்ற முதுகில் கொக்குகள் வந்து இருக்கின்றன. அந்த மிகுதியை எவரும் கழிக்கவில்லை.

ஆகவே, இதை வாசிப்பவர்களே, எழுந்திருங்கள்! உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக நிறை குறைந்துகொண்டிருக்கிறார். முப்பத்தோராம் நாளுக்குக் காத்திராமல் அவரை இன்றே எழுதுங்கள். எந்த மேதை என்ன சொன்னாலும் பெயரை இறக்கிவைத்து நிறுத்துப் பாருங்கள். எழுதியதை அவருக்கே உரக்க வாசித்துக் காட்டுங்கள். எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், சீழ்க்கையை வெட்டாதீர்கள்!