நிரஞ்சனி பக்கத்தில் நின்ற தேநீர்

நிரஞ்சனி பக்கத்தில் நின்றால் பிளேன்டீ பால் டீயாக மாறத் தொடங்கி நாற்பத்தொரு நாளும் ஆறு மணித்தியாலமும் ஆகியிருந்தன. கலஹா கடைகளில் பால்மா கிடைக்காமல் போயிருந்த வருடம் அது. முதல் கோப்பை வெளுத்தபோது, ஒளித்து வைத்திருந்த பால்மாவைக் கரைத்துவிட்டாள் என்று அம்மா திட்டினாள். நிரஞ்சனி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்தவள். ஆகவே பயப்படுவதற்கு முன்னால் ஒரு கொப்பி வாங்கினாள். நான்கு அடிக்குள் நிற்க வேண்டும். பதினொரு நிமிடம் பிடிக்கும். மல்லித்தண்ணி மாறாது. சீனி போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். வரைபடம்கூட வரைந்தாள். அதை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் மூடி வைத்தாள்.

செய்தி தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் முழுக்கப் பரவ ஒரு காலைப் பொழுது போதுமாக இருந்தது. "டீச்சர், நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா நின்னா போதும்" என்று முதல் ஆளாகக் கோப்பையோடு வந்தவர் கடைசி வீட்டுக் கறுப்பையா. தோட்டப் பாடசாலையில் பின்வரிசைக்குக் கேட்கிற மாதிரிப் பேச வராத நிரஞ்சனி, தினமும் பதினொரு வீட்டுக் கோப்பைகளுக்கு நடுவில் நின்றாள். சும்மா நிற்பதில் அவள் கெட்டிக்காரி. இருபத்தாறு வருடமாகக் கல்யாண வீடுகளில் சுவரோரம் அதைத்தான் செய்து வந்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனதை அவள் கொப்பியில் எழுதவில்லை. தலைக்குள் இருக்கும் கபச்சுரப்பியில் மிளகளவு கட்டி, புற்றுநோய் இல்லை, ஆனால் சும்மா கிடக்காமல் ஒரு ஹோர்மோனை அளவுக்கு மேல் சுரக்கிறது என்று டாக்டர் சொன்னார். கிழமைக்கு இரண்டு மாத்திரை போட்டால் சுருங்கிவிடும். வளரவிட்டால் பார்வையைக் கெடுக்கலாம். மாத்திரை போடும் தொடக்கத்தில் வாந்தி வரலாம். பரீட்சையில் கபச்சுரப்பியைப் படம் வரைந்து முழுப் புள்ளி வாங்கியவளுக்கு, தன்னிடமும் ஒன்று இருப்பது அன்றுதான் உறைத்தது.

மாத்திரைகள் வகுப்புக்கு எடுத்துப்போகும் வெண்கட்டிப் பெட்டிக்குள் பிரிக்காமல் கிடந்தன. லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகைதான். இவள் வாந்தி எடுத்தால் பக்கத்து வீடு விரல்விட்டு மாதம் எண்ணும். வெயிலிலும் அவள் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. அதையும் யாருக்கும் சொல்லவில்லை.

அந்த நாற்பத்தொரு நாள் முடிந்த அன்றுதான், வத்தேகமையிலிருந்து மோகனராஜ் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். தபால் கந்தோரில் வேலை பார்க்கும் மோகனராஜை நிரஞ்சனிக்குப் பிடித்திருந்தது. மூன்று தடவை பேசியும் இருந்தாள். மூன்று தடவையும் சொன்னது "ம்" மட்டும்தான். அவனுடைய அம்மா பாப்பம்மா கதிரையில் உட்காரும்போதே தனக்குப் பிளேன்டீதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். நிரஞ்சனி கொண்டுபோய் வைத்துவிட்டு முறைப்படி பக்கத்தில் நின்றாள். பதினொரு நிமிடத்தில் கோப்பை வெளுத்தது. இரண்டாவதும் வெளுத்தது.

"நான் பிளேன்டீதானேம்மா கேட்டேன்?"

"எங்க வீட்டு ராசிங்க அது" என்றாள் நிரஞ்சனியின் அம்மா.

"நல்லா இருக்கே ராசி. மூணாவதும் வெளுக்குது பாருங்க. பொண்ணு வாயத் தொறந்து சொல்லட்டும்."

நிரஞ்சனி கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ராசி இல்லைங்க. தலைக்குள்ள ஒரு கட்டி. சின்னதுதான்."

அம்மா முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மருந்து இருக்கா?" என்று கேட்டார் பாப்பம்மா.

"இருக்குங்க. இன்னும் போடல."

"ஏன் போடல?"

"போட்டா வாந்தி வரும்னாங்க. கல்யாணம் ஆகாதவ வாந்தி எடுத்தா ஊரு என்ன சொல்லும்? அதோட..." அவள் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு வந்த குரல் பலகைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும், எந்த வகுப்பின் பின்வரிசைக்கும் கேட்டிருக்கும்.

"எனக்குப் பாலும் வருதுங்க."

பாப்பம்மா மூன்றாவது கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"சீனி பத்தாது" என்றார். "மொதல்ல போய் அந்த மாத்திரைய எடுத்துட்டு வா."