தூரம் காட்டும் பைனாகுலர்

தவசிமுத்து வீட்டைவிட்டு விலக ஆரம்பித்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவர் எங்கும் நடந்து போகவில்லை. நின்ற இடத்திலேயேதான் நின்றார். அவருக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடந்த உப்பளம் மட்டும் நாளுக்கு முப்பது அடி கூடியது. அந்த ஊரில் கல்யாணமாகி இருபது வருஷம் ஆனவர்களில் சிலருக்கு இப்படி வருவதுண்டு.

முதலில் அவர் மனைவி பொன்னுத்தாய் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனாள். பிறகு, அவள் எத்தனை எட்டு வைத்தாலும் அவரும் அத்தனை எட்டு தள்ளியே இருந்தார். கொஞ்ச நாள் சத்தம்போட்டுப் பேசினார்கள். அப்புறம் கையசைத்தார்கள். ஆவணி பிறந்ததும் கையும் தெரியவில்லை. அவள் பைனாகுலர் விற்கும் செல்வின் கடைக்குப் போனாள்.

செல்வின் இரண்டு பைனாகுலர்களை எடுத்து வைத்தான். தலைகீழாக விழும் உருவத்தை நிமிர்த்த, இரண்டிலும் பிரிசம் என்கிற கண்ணாடிக் கட்டிகள் இருந்தன. ஒன்றில் அவற்றைக் கோணலாக வைத்திருந்ததால் குழாய்கள் தோள் புடைத்து அகன்றிருந்தன. மற்றதில் எல்லாம் ஒரே நேர்கோட்டில், ஒல்லியாக இருந்தது.

வாசலில் நின்று இரண்டிலும் பார்த்தாள். ஒல்லியானதில் தவசிமுத்து அடுப்படி வாசலில் நிற்பதுபோல் இருந்தார். உப்பளம் அவர் முதுகில் ஒட்டியிருந்தது. அகலமானதில் பாத்தி, அதற்கப்பால் பாத்தி, அதற்கும் அப்பால் பாத்தி. எல்லாவற்றுக்கும் பின்னால் அவர்.

"ரெண்டுலயும் ஆள் தெரியும்க்கா. அகலமானதுல தூரமும் தெரியும்," என்றான் செல்வின். விலகுவதற்கு முந்தின வாரமே தவசிமுத்து அண்ணாச்சி ஒல்லியானதில் ஒன்று வாங்கிப் போனதாகவும் சொன்னான்.

பொன்னுத்தாய் ஒல்லியானதைத் திருப்பி வைத்தாள்.

"ஒருத்தருக்காவது தூரம் தெரியணும்லா," என்று அகலமானதை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டு வாசலிலிருந்து பார்த்தாள். அவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்து, மற்றக் கையை நீட்டி, காற்றில் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருப்பவளிடம் பேசுவதுபோல் உதடுகள் மெல்ல அசைந்தன. அவள் நடுவில் கிடந்த பாத்திகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

மறுநாள் காலையில் சர்வேயர் வந்தார். இருவருக்கும் நடுவில் புதிதாக உண்டான நிலத்தில் நாற்பது குடும்பங்கள் குடியேறிவிட்டதாகவும், திங்கட்கிழமை முதல் பஸ் விடப்போவதாகவும் சொன்னார். சம்மதம் கேட்டு அவர் நீட்டிய காகிதத்தில் முதல் நிறுத்தத்துக்கு அவள் பெயர். தவசிமுத்து நிற்கும் கடைசி நிறுத்தத்துக்கு மட்டும் பெயர் எழுதவில்லை. பஸ் அங்கே போய்ச் சேராது.

அவள் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.