அழகியமணவாளன் முறை

...அது அவளுடைய கொப்பு, அதில் என்ன சந்தேகம், அவள் வீட்டுச் சிவப்புக் கொய்யாவின் கிழக்குப் பக்கத்துக் கொப்பு, பத்து நாளைக்கு முன்னால் அவளே அறுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, வாசல்வரை வந்து கையில் கொடுத்தனுப்பியது, அதைத்தான் இந்த மனுஷன் மைக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டிக்கொண்டிருக்கிறார், பேண்டேஜ் துணிக்கட்டைப் பிரித்துவிட்டு, பஞ்சுக்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று தொங்கும் வேரை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, "இது அடியேனுடைய ரெண்டு வருஷ ஆராய்ச்சி" என்கிறார்... ரெண்டு வருஷமா? பத்து நாளய்யா, பத்தே நாள்! ஞானபாக்கியத்துக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. மூன்றாவது வரிசையில், மடக்கு நாற்காலியில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இறுக்குகிற இறுக்கில் பைக்குள் இருந்த மூக்குக் கண்ணாடிக் கூடு முறிந்துவிடும்போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல், அவிய அவ்வளவு சொல்லியும் கேட்காமல், ராஜபாளையம் வீட்டுத் தோட்டச் சங்கத்துக் கூட்டம் முக்கியம் என்று சொல்லிவிட்டு இந்தக் கல்யாண மண்டபத்தில் வந்து உட்கார்ந்ததற்கு நல்ல மரியாதை. அவிய என்றால் அவள் புருஷன் ஐயாதுரை, மில்லில் ஸ்டோர் கீப்பர், செடி என்றாலே கொட்டாவி விடுகிற ஆள். இப்போது வீட்டுக்குப் போய் அவரிடம் என்னத்தைச் சொல்ல?

கார்டு எழுதிப் போட்டதுதான் தப்பு. இரண்டு மாதம் முன்னால் சங்கத் தலைவர் வைகுண்டராஜுக்கு எழுதினாள், ஐயா, பதியம் போட எல்லோரும் கொடைக்கானல் பாசி கேட்கிறார்கள், இங்கே கிடைப்பதில்லை, நான் மில் கழிவுப் பஞ்சை வைத்துக் கொய்யாவிலும் எலுமிச்சையிலும் வேர் எடுத்திருக்கிறேன், ஆடி மாதக் கூட்டத்தில் பத்து நிமிஷம் கொடுத்தால் சொல்லுவேன்... பதில் வந்தது. தங்கள் ஆர்வம் பாராட்டுக்குரியது, கூட்டத்தில் தாங்கள் கடவுள் வாழ்த்துப் பாட இயலுமா? கடவுள் வாழ்த்து! பாடினாளே, காலையில், மைக்கு கீச்சிட கீச்சிடப் பாடினாளே, வெட்கங்கெட்டுப் போய். அந்தக் கார்டைத் தலைவர் பத்திரமாக எடுத்து இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் அழகியமணவாளனிடம் காட்டியிருக்கிறார், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், சங்கத்தின் ஆஸ்தானப் பேச்சாளர், ரோஜாவுக்குப் பேசுவார், மண்புழுவுக்குப் பேசுவார், கேட்டால் கல்லுக்கும் பேசுவார். பத்து நாள் முன்னால் சம்சாரம் அம்புஜவல்லியையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "தலைவர் சொன்னார், நீங்க என்னமோ பஞ்சு வெச்சுப் பண்றேளாமே, பார்க்கலாமா?" அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை, பெரிய மனுஷன் வீடு தேடி வந்திருக்கிறார் என்று காபி போட்டுக் கொடுத்து, பட்டையை எப்படி ஓர் அங்குலத்துக்கு வளையம் மாதிரி உரிப்பது, பஞ்சை எப்படிப் பொத்துவது, மேலே பேண்டேஜ் துணி, அதற்கு மேலே பாலிதீன், எல்லாம் சொன்னாள். அந்தம்மா போகும்போது ஒரு துளசிக் கன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். துளசிக் கன்றுக்கு ஒரு கொப்பு, நல்ல யாவாரம்.

இந்த முடிச்சுகூட அவள் முடிச்சுதான், பாவாடை நாடாவுக்குப் போடுகிற இரட்டைச் சுருக்கு, அதைப் போய் "இதற்கென்று ஒரு முடிச்சு முறை இருக்கிறது" என்று விளக்குகிறார், கேட்கிறவர்களும் தலையை ஆட்டுகிறார்கள்... எழுந்து நின்று கத்திவிட்டால் என்ன? யோவ், அது என் கொப்பு என்று... என்ன நினைப்பார்கள்? பொம்பளைக்கு வாயைப் பார் என்பார்கள், அந்தப் பாட்டுப் பாடின அம்மாவா என்பார்கள். நினைக்கட்டுமே. காலை ஒருதரம் ஊன்றினாள், எழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், சேத்தூரிலிருந்து காலை பஸ்ஸுக்கு வந்ததாகச் சொன்ன கண்ணுச்சாமி, நாற்பது பக்க நோட்டை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டே இருந்தார், எட்டிப் பார்த்தாள், தலைப்புப் போட்டு அடிக்கோடும் போட்டிருந்தார்: அழகியமணவாளன் முறை. முறையாம் முறை!

"ஒன்றும் கஷ்டமில்லை அன்பர்களே, மில் கழிவுப் பஞ்சை எடுத்து, தண்ணீரில் நன்றாக நனைத்து, பிழிந்து, அப்படியே பொத்த வேண்டியதுதான்" என்றார் மேடையில். ஞானபாக்கியம் நிமிர்ந்தாள். என்ன சொன்னார்? நனைத்து, பிழிந்து... அவ்வளவுதானா? வேகவைக்கவில்லை. இந்த ஆளுக்கு வேகவைப்பது தெரியாது! எப்படித் தெரியும், அவள்தான் சொல்லவில்லையே. அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னவள் அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை, காபித் தம்ளரை வாங்கும்போது நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டாள், ஏன் விழுங்கினாள்? இருக்கட்டும், ஒன்றாவது கையில் இருக்கட்டும் என்றுதான். இப்போது மாட்டினாரா? பச்சைப் பஞ்சு தண்ணீர் குடிக்காது, அவளுக்கு அது தெரியும், முதல் வருஷம் எட்டுக் கொப்பில் வைத்து எட்டும் கருகிப்போனது, எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் முத்து முத்தாக மேலேயே நின்று உருண்டு ஓடியது, உள்ளே தொட்டால் பஞ்சு காய்ந்து கிடந்தது. மறுவருஷம் சலவைச் சோடா போட்டு, அண்டாவில் ஒரு மணி நேரம் வேகவைத்து, மூன்று தண்ணீர் அலசி வைத்தபிறகுதான் பஞ்சு தண்ணீரைப் பிடித்தது, வேர் வந்தது. போகட்டும், எல்லாரும் பச்சைப் பஞ்சையே வைக்கட்டும், ஒரு மாதத்தில் எல்லார் வீட்டுக் கொப்பும் பட்டுப்போகட்டும், அப்போது தெரியும் அழகியமணவாளன் முறையின் லட்சணம்! நினைக்க நினைக்க இனித்தது, நாக்கில் கல்கண்டு போட்டதுபோல் இருந்தது, அவள் சாய்ந்து உட்கார்ந்தாள்.

தலைவர் நடத்துகிற மில்லிலிருந்து ஆளுக்கொரு பொட்டலம் கழிவுப் பஞ்சு வந்திருந்தது, வரிசை வரிசையாகக் கைமாறி வந்தது, பழுப்பும் வெள்ளையுமாக, விதைத் தூள் ஒட்டிக்கொண்டு, எண்ணெய் வாசனையோடு. நூறு பேர் இருப்பார்களா? கூடவே இருப்பார்கள். கண்ணுச்சாமி பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பி, "வீட்டுல ஒத்த எலுமிச்சைதாம்மா நிக்கி, காய்ப்புன்னா காய்ப்பு அம்புட்டுக் காய்ப்பு, மகமாருக்கு ஆளுக்கொண்ணு குடுக்கணும்னு ரொம்ப நாளா ஆச, இன்னைக்குச் சாயங்காலமே பத்துக் கொப்புலயும் கட்டிருவேன்" என்றார். பத்துக் கொப்பிலுமா? பட்டையை உரித்தபிறகு வேர் வரவில்லையென்றால் அந்தக் கொப்பு பிழைக்காதே, பத்துக் கொப்பு போனால் மரத்தில் என்ன மிஞ்சும்... "ரெண்டுல மட்டும் போட்டுப் பாருங்க" என்றாள். "எதுக்கும்மா ரெண்டு? அதான் ஐயா ரெண்டு வருஷம் செஞ்சு பாத்துட்டாகளே." ஐயா செஞ்சு கிழிச்சார் என்றா சொல்ல? கல்கண்டு கரைந்துபோய் வாய் கசந்தது. யார் மேல் கோபம் இப்போது, அவர் மேலா, இந்த வெள்ளந்தி மனுஷன் மேலா, யாரைக் கேட்டு இவர் நம்பினார்?

கடைசி வரிசைக்கும் பின்னால், செருப்பு விடுகிற இடத்தையொட்டி, ஆவுடையம்மாள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். ஞானபாக்கியத்தின் பின்வீட்டுக்காரி, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை, கண்காட்சிக்கு வைக்க வேண்டிய இரண்டு தொட்டிகளையும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவள் அவள்தான். நானும் கேக்கேன்கா, செடியப் பத்தித்தான பேசுதாவ, என்று ஆசைப்பட்டு வந்தாள், வாசலில் பேட்ஜ் குத்தின ஆள் சாமான் கொண்டாந்தவங்க பின்னால இருங்க என்றான், இருந்துவிட்டாள். ஞானபாக்கியம் திரும்பிப் பார்த்ததும் ஆவுடை கையை அசைத்து, இரண்டு உள்ளங்கையையும் குவித்து, கீழே அடுப்பு எரிகிறமாதிரி விரலை ஆட்டி, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். வேகவைக்கணும்னு சொல்லலையே அவரு, என்கிறாள். தெரியும்ட்டி, தெரியும், சும்மா இரு...

"சந்தேகம் கேட்கிறவங்க கேட்கலாம்" என்றார் தலைவர். யார் எழுப்பினார்களோ, கால் தானாக எழுந்தது, நாற்காலி கிறீச்சென்று பின்னால் போனது, மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். மூன்று வாக்கியம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள், கௌரவமாக, மெதுவாக. ஒன்றும் வரவில்லை. "அது என் வீட்டுக் கொப்பு!" என்றுதான் வந்தது, மைக்கில் மண்டபமே அதிர்ந்தது. "நான் அறுத்துக் குடுத்தது. பத்து நாள்தான் ஆவுது, ரெண்டு வருஷமாம்! அவரு சொல்லுத மாதிரி கட்டுனா ஒரு கொப்பும் பிழைக்காது, பச்சப் பஞ்சு தண்ணி குடிக்காது, சோடா போட்டு ஒரு மணி நேரம் அவிக்கணும், அலசணும். இது நான் கண்டுபிடிச்ச முறை, நான்!" மேல்மூச்சு வாங்கியது. தலைகள் எல்லாம் திரும்பின. அழகியமணவாளன் கொப்பை மேஜைமேல் வைத்தார், முகம் சிவந்துபோய், ஆனாலும் பேங்க் கவுண்டர் பேச்சு விட்டுப்போகவில்லை. "அன்னிக்கு ஒவ்வொண்ணாக் கேட்டேனேம்மா, அவிக்கணும்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லலியே?" கேட்டுவிட்டுத்தான் அவருக்கே உறைத்தது, ரெண்டு வருஷ ஆராய்ச்சி இந்த ஒரு கேள்வியில் போய்விட்டது என்று. யாரோ சிரித்தார்கள், பிறகு பலபேர் சிரித்தார்கள், ஒருத்தர் கை தட்டினார். ஜெயித்துவிட்டாளா? ஜெயித்துவிட்டாள்போலத்தான் இருந்தது.

"அம்மா சொல்லுறது முக்கியமான விஷயம்" என்றார் வைகுண்டராஜ், சட்டென்று கட்சி மாறிக்கொண்டு, "பச்சைப் பஞ்சை அவிக்கணும்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? மில்லு நடத்துற எனக்கே தோணலியே." எப்படி... எப்படி என்றால், எட்டுக் கொப்பும் கருகின வருஷம், அவள் கிணற்றடியில் பஞ்சை வாளிக்குள் முக்கி முக்கி எடுத்து ஆத்திரத்தில் திட்டிக்கொண்டிருந்தாள், மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்ட ஆவுடை சிரித்தாள், எக்கா, பச்சப் பஞ்சு எங்கனயாச்சும் தண்ணி குடிக்குமா, எண்ணெய்ப் பசைல்லா, எங்க கம்பெனியில சோடா போட்டு அவிச்ச பொறவுதான ஆஸ்பத்திரிக்கே போவுது... அன்றைக்கே சோடாவைக் கொண்டுவந்து, அண்டாவை ஏற்றி, முதல் தடவை அவளேதான் அவித்துக் கொடுத்தாள். பேண்டேஜ் துண்டுகளும் அவள் கொண்டுவந்ததுதான். பாசிக்குப் பதில் பஞ்சு வைக்கலாம் என்று யோசித்தது ஞானபாக்கியம், அது நிஜம், அதில் பொய்யில்லை, அதை முழுக்க அழகியமணவாளனிடம் சொல்லிவிட்டாள். எதைச் சொல்லாமல் விழுங்கினாளோ, எதைக் கையில் இருக்கட்டும் என்று ஒளித்து வைத்தாளோ, அது அவளுடையது இல்லை. போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்காட்சியில் இப்படி வேர் எடுத்த கன்றுக்குத்தான் முதல் பரிசுக் கோப்பை, ஆவுடை பார்க்க வந்தாள், செத்த குடுங்கக்கா என்று வாங்கி, முந்தானையால் துடைத்து, அதில் எழுதியிருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத் திரும்ப அலமாரியில் வைத்தாள். அன்றைக்கு அந்த முகத்தை ஏன் பார்க்கவில்லை?

திரும்பினாள். ஆவுடையம்மாள் எழுந்து நின்றிருந்தாள், ஒரு தொட்டியை இடுப்பில் அணைத்தபடி. கோபம் இல்லை, வருத்தம்கூட இருந்ததாகச் சொல்ல முடியாது, மேடையைப் பார்க்கவே இல்லை, ஞானபாக்கியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன சொல்லப் போகிறாள் என்று. இதேமாதிரித்தானே இவ்வளவு நேரமும் மூன்றாவது வரிசையிலிருந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்? கண்ணுச்சாமி நோட்டில் அழகியமணவாளன் முறையைக் குறுக்காக அடித்துவிட்டு, பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "உங்க பேரு என்னம்மா? அதையே எழுதிக்கிடுதேன்." மைக்கு வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. "ஞா..." என்று தொடங்கி நின்றது நாக்கு, பழக்கதோஷம், யார் பெயரைக் கேட்டாலும் அதுதானே முதலில் வரும். மண்டபம் காத்திருந்தது, பின்னால் ஆவுடையும் காத்திருந்தாள். கண்ணுச்சாமி 'ஞா' என்று எழுதிவிட்டு, அடுத்த எழுத்துக்காகப் பேனாவை நோட்டிலேயே வைத்திருந்தார்.